ஊர் போட்ட வத்தல்

உள்ளூர்க் கடைகளை வாழவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் செய்த காரியம், பாளையங்கோட்டையில் ஓர் உள்ளூர்க் கடையின் பெயர்ப்பலகையை மறைத்ததுதான்.

பன்னிரண்டு அடி அகலத்துக்கு பேனர். நடுவில் தாமிரபரணி, கரையில் சிரிக்கும் குடும்பம். அந்தக் குடும்பம் நம் ஜில்லா வெயிலில் பத்து நிமிஷம் நின்ற மாதிரித் தெரியவில்லை. மேலே கொட்டை எழுத்தில், 'நம்ம ஊரு, நம்ம கடை. உள்ளூர் வணிகத்தை ஆதரிப்போம்!' கீழே, 'பொருநைக் கூடை'.

பொருநைக் கூடை என்பது மூன்று வருஷமாக பைபாஸ் ரோட்டில் இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட். ஆற்றின் பழைய பெயரை எடுத்து நெற்றியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய்ப் புகார் சொல்ல வேண்டுமென்றால் தூத்துக்குடியில் ஏறி இரண்டு விமானம் மாறவேண்டும். அவ்வளவு உள்ளூர்.

பேனர் கட்டிய இடம் 'ஞானம் மாவு மில்' வாசல். மில்லின் சொந்தக்காரி ஞானசௌந்தரிக்கு வயது ஐம்பத்தாறு, வலது முட்டியில் தேய்மானம். அன்று காலையில் தன் கடையைத் திறக்க உள்ளூர் வணிகத்தின் அடியில் குனிந்து போனார்.

இந்த அம்மாவைப் பற்றி யாரும் சிறப்பு மலர் போடமாட்டார்கள். மலர் போடுகிறவர்களுக்கு நன்கொடை தருகிற இடத்திலேயே அவரை வைத்திருக்கிறோம். அதனால் நான் எழுதுகிறேன்.

பிறந்தது வள்ளியூர்ப் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். மகளும் வாத்தியாராகி, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது ஒரு சம்பளத்துக்கு, கையில் கொடுப்பது வேறு சம்பளம். மற்றவர்கள் பேசாமல் வாங்கிக்கொள்ள, இவர் தாளாளரிடம் போய்க் கேட்டார்.

"இத ஊழியம்னு நெனச்சுச் செய்யணும்மா" என்றார் தாளாளர்.

"ஊழியத்த நான் ஞாயித்துக்கெழம செய்யுதேன் சார். இது திங்கக்கெழம" என்று சொல்லிவிட்டு வந்தவர் மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

அந்தச் சமயம் கோயில் தெருவில் (எங்கள் பக்கம் சர்ச்சும் கோயில்தான்) ஒரு மில்லை மூடப்போவதாகப் பேச்சு. நகையைக் கொடுத்து அதை வாங்கினார். அவர் கணவர் ஹெப்ரான், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மிளகாய் வத்தல் அரைக்கிற மிஷின் பக்கம் வந்தால் பதினேழு தும்மல் போடுவார், பதினெட்டாவது கிடையாது. மாப்பிள்ளைக்கு ஒத்துக்காத தொழில் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "தும்முறது அவிய, அரைக்கிறது நான்" என்றார் ஞானசௌந்தரி. இருபத்திநாலு வருஷமாகிறது. இவர் ஒருநாளும் தும்மியதில்லை.

மில்லில் இரண்டு மிஷின். மாவுக்கு ஒன்று, வத்தல் மல்லிக்கு ஒன்று. வத்தல் மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. எத்தனை தட்டினாலும் கடைசியாக அரைத்தவரின் பொடி அரைக் கைப்பிடி உள்ளேயே தங்கும். மறுநாள் காலையில் முதலில் அரைக்கிறவருக்கு அந்தப் பழைய பொடி வந்து சேரும். அதனால் எந்த மில்லிலும் முதல் ஆளாக நிற்க யாருக்கும் இஷ்டமில்லை. விவரம் தெரியாத புது மருமகள்கள்தான் மாட்டுவார்கள்.

ஞானம் மில்லில் மட்டும் முதல் அரைப்பு எப்போதும் ஞானசௌந்தரி வீட்டு மல்லி. தினமும் ஒரு கை. தெருவில் யார் வீட்டு மிச்சமோ அது அவர் வீட்டுக் குழம்பில் போகும். நியாயமான வணிகம் என்று நட்சத்திர ஓட்டலில் மாநாடு போட்டு, மத்தியானம் பஃபே சாப்பிட்டுக் கலைகிறவர்கள், இந்த ஒரு கை மல்லியை விளக்க எத்தனை அமர்வு வைப்பார்களோ தெரியாது. ஹெப்ரானைக் கேட்டால் ஒரே வரியில் சொல்வார்: "தெருவுல உள்ள அத்தன வீட்டுக் கொழம்பையும் ஒரே வீட்டுல இருந்து திங்கவன் நான் ஒருத்தன்தான்."

இனி அசனம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயில் பண்டிகையில் சபையார் ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. நீ எந்தச் சபை, எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. தூக்குவாளி கொண்டுவந்தால் வீட்டுக்கும் ஊற்றுவார்கள். இங்கே அது மே மாதம். சென்னை, பெங்களூரு, துபாய்க்காரர்களெல்லாம் விடுமுறைக்கு வந்திருப்பார்கள்.

அசனத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மில் வாசலில் ஒரு நீல டிரம்மை உருட்டி வைப்பார் ஹெப்ரான். அதில் வீட்டுக்கு ஒரு கை வத்தல் விழும். கணக்கு வாத்தியாரம்மா போடுவது நீட்டு வத்தல். துபாய்க்காரர் வீட்டில் காரமே இல்லாத சிவப்பு வத்தல். மாரித்தாய் போடுவது காம்பு கிள்ளின குண்டு வத்தல். மாரித்தாய் சபை ஆள் இல்லை. வயல் வேலைக்குப் போகிறவள், குலதெய்வம் வேறு. ஆனால் அசனத்துக்கு இலை போட்டால் முதல் வரிசையில் உட்காருகிறவள். போடாமல் தின்றால் தொண்டையில் இறங்காது என்பது அவள் கொள்கை. இத்தனை வத்தலையும் காயவைத்து, மல்லியோடு வறுத்து அரைத்துக் கொடுப்பது ஞானசௌந்தரி. அரைப்புக்கூலி வாங்குவதில்லை. அதற்குப் பதில், அசனக் குழம்பு தின்றவர்கள் மறுநாள் அதே பொடி வேண்டுமென்று மில்லுக்கு வந்து வரிசை கட்டுவார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். மில்லின் வருஷப் பிழைப்பு அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது.

கோயில் பக்கத்தில் கடை வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. விளையாட்டு விழாவுக்குக் கோப்பையா, மில்லுக்கு வா. பஜனைக் குழுவுக்கு மைக்கா, மில்லுக்கு வா. 2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தபோது இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மில்லில் இருந்த சத்துமாவு மொத்தத்தையும் விறகடுப்பில் கஞ்சியாகக் காய்ச்சி இருநூறு பேருக்கு ஊற்றினார் இந்த அம்மா. பைபாஸ் ரோட்டில் வெள்ளமே வராத மேட்டில் இருந்த பொருநைக் கூடை நாலு நாள் ஷட்டரை இறக்கி வைத்திருந்தது. ஐந்தாம் நாள் திறந்தது, 'மீண்டெழுவோம் ஆஃபர்' என்ற அறிவிப்போடு.

இந்த வருஷம் டிரம் வைத்து எட்டாம் நாள், கோயில் கமிட்டிச் செயலர் சத்தியநேசன் மில்லுக்கு வந்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பத்தியில் முடிந்திருக்கும்.

"ஞானம், ஒரு நல்ல சேதி. இந்த வருசம் ஒனக்குச் செரமமே இல்ல."

"நான் எப்பம் அண்ணாச்சி செரமம்னு சொன்னேன்?"

"அரைக்க வேண்டாம்கேன். பொடி பாக்கெட்டா வந்துருது. அரிசி, எண்ணெய், பொடி எல்லாம் ஒரே எடத்துல ஆஃபர்ல வாங்குதோம். பொருநைக் கூடைக்காரங்க ஸ்பான்சர் பண்ணுதாங்க. பந்தல் அவங்க பொறுப்பு."

பக்கத்தில் வாழைஇலைக் கடை வைத்திருக்கிற சொரிமுத்து எட்டிப் பார்த்தார். "அப்பம் எலை?"

"எலையும் அவங்களே. பேப்பர்ல பண்ணினது. பாக்க வாழயிலை மாதிரியே பச்சையா இருக்கும்."

"ஆடும் ஆடு மாதிரியேதான் இருக்குமா அண்ணாச்சி?"

சத்தியநேசன் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞானசௌந்தரி மிஷினை நிறுத்தினார். அந்த மில்லில் ஆள் நிற்கும்போது மிஷின் நிற்பது அபூர்வம்.

"நீங்க அரைக்காண்டாம்னா அரைக்கல. ஆனா ஒண்ணு கேக்கேன். சபையே பாக்கெட்டுக்குப் போயிட்டுன்னா, சபையில உள்ள வீடு எதுக்கு இங்கன வரும்? முந்தி வாரத்துக்கு நாலு நாள் ஓடுன வத்தல் மிஷின் இப்பம் ரெண்டு நாள் ஓடுது. இந்த அசனமும் போச்சுன்னா அத நிறுத்திரணும். அது நின்னா மாவு மிஷினுக்கு மட்டும் நான் கதவத் தொறக்க முடியாது. மில்ல மூடச் சொல்லுதியளா?"

"சே சே, யாரு மூடச் சொன்னா? நீ எங்க சபைக்குத் தூணு மாதிரி. அப்புறம், பண்டிகை ஏலத்துக்கு வழக்கம்போல ஒன் பங்கு ஏதாவது குடுத்துரு. இன்னொரு சின்ன உதவி. ஸ்பான்சர் பேனர் கட்ட ஒன் மில் வாசல்தான் ரோட்டப் பாத்தாப்ல இருக்கு."

ஞானசௌந்தரி பதில் சொல்லவில்லை. பாங்கில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர், பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பேனர் வந்துவிட்டது. தூணில்தானே பேனர் கட்டுவார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். ஸ்பான்சர், பந்தல், பேப்பர் இலை எல்லாம் வாசித்தார்கள். நீல டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமென்று செய்ததல்ல. கமிட்டியில் பதினோரு பேர். பட்டியல் போடுகிறவர்கள் ஒன்பது ஆண்கள். அவர்களுக்கு அசனப் பொடி என்பது மில்லிலிருந்து தானாக வருவது. அதற்குள் ஊர் போட்ட வத்தல் இருக்கிறது என்பது அவர்கள் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை. சும்மா வருவதை யார் எழுதி வைப்பார்கள்? மீதி இரண்டு பேர் பெண்கள், அவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆகவே ஊர் வழக்கம்போல வத்தல் போட்டுக்கொண்டே இருந்தது. பொடி பாக்கெட் நாற்பது கிலோ, அட்டைப்பெட்டிகளில் கோயில் மண்டபத்துக்கு வந்து இறங்கிய அன்று, மில் வாசலில் டிரம் விளிம்பு தட்டி நின்றது.

விஷயம் அப்போதுதான் சத்தியநேசன் கண்ணில் பட்டது. புதன்கிழமை சாயங்காலம், பொருநைக் கூடை மேனேஜரையும் ஒரு வேனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேனேஜர் குருபிரசாத், முப்பது வயதுக்காரர், கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை. மாசாமாசம் மேலிடத்து இலக்கு துரத்துகிற மூஞ்சி.

"மேடம், இந்த மிளகாயை நாங்க எடுத்துக்கறோம். எக்ஸ்சேஞ்ச் ஸ்கீம் இருக்கு. கிலோவுக்கு ஒரு கூப்பன். சர்ச் பேர்லயே போட்டுடறோம்."

மில்லில் அப்போது பதினைந்து பெண்கள் நின்றார்கள். ஞானசௌந்தரி டிரம்மின் மூடிமேல் கையை வைத்தார்.

"எடுத்துக்கங்க தம்பி. ஆனா இது என் வத்தல் இல்ல. போட்டவுகள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க."

வரிசையில் முதலில் நின்றவர் டார்லின். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சத்தியநேசனுக்கு மதினி முறை.

"மச்சான், நான் அசனத்துக்குத்தான் போட்டேன். கூப்பனுக்குப் போடல. அசனத்துல என் வத்தல் இல்லன்னா, என் வத்தல எனக்குத் திருப்பித் தந்துருங்க."

"ஒரு கை வத்தலுக்கா டார்லின்?"

"ஒரு கைதான். குடுங்க."

பின்னால் நின்றவர் "எனக்கும்" என்றார். அதற்குப் பின்னால் "எங்க வீட்டுதும்." சேதி தெருவுக்குள் போனது. கால் மணி நேரத்தில் வரிசை சொரிமுத்துவின் இலைக்கடையைத் தாண்டிவிட்டது. எல்லோர் கையிலும் ஒரு கிண்ணம்.

"எது யாரு வத்தல்னு எப்படிம்மா பிரிக்க?" சத்தியநேசன் குரலில் முதல்முறையாக அதிகாரம் குறைந்தது.

மாரித்தாய் முன்னால் வந்தாள். "என்னுது குண்டு வத்தல் சார். காம்பு கிள்ளினது. பைய பாத்து எடுங்க, எனக்கு அவசரமில்ல."

"நீ சபை உறுப்பினரே இல்லையே தாயி. இது சபைக் காரியம்."

"போடும்போது கேட்டியளா?"

ஒரு பெரிய மனிதர் செய்யக்கூடாத காரியத்தை அப்போது சத்தியநேசன் செய்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு டிரம்முக்குள் குனிந்து, உண்மையிலேயே காம்பு கிள்ளின குண்டு வத்தலைத் தேட ஆரம்பித்தார். கணக்கில் ஒரு பைசா உதைத்தால் ராத்திரி வரை தேடிய தொழில் புத்தி. ஏழெட்டு கிடைத்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது. அதே கையால் கண்ணைத் துடைத்தார்.

அவர் போட்ட சத்தத்தில் வேன் டிரைவர் இறங்கி ஓடிவந்தார். குருபிரசாத் பிடிக்கப் போய், டிரம்முக்கு மேல் மூச்சு இழுத்து, தும்ம ஆரம்பித்தார். "பதினேழு வரைக்கும் வரும், பயப்படாதீங்க" என்று தைரியம் சொன்னார் ஹெப்ரான்.

ஞானசௌந்தரி செயலரை மோடாவில் உட்காரவைத்து, விரலுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்த்து, கண்ணில் தண்ணீர் அடித்துக் கழுவினார். கண்ணைத் திறக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

"அண்ணாச்சி, பிரிக்க முடியாதுல்லா? அதான் நானும் சொல்லுதேன். இருவத்திநாலு வருசமா ஒரு வீட்டு வத்தல இன்னொரு வீட்டு வத்தலோட கலந்து வச்சிருக்கேன். கோப்பை வேணும்னா என் கட ஒங்களுக்குத் தெரியுது. வெள்ளத்துல கஞ்சின்னா தெரியுது. ஏலத்துக்குப் பொருள்னா தெரியுது. பேனர் கட்டணும்னாகூட என் வாசல்தான் தெரியுது. பொடி வாங்கணும்னா மட்டும் ஏன் அண்ணாச்சி கண்ணு மறைக்கி? எனக்குத் தூணுன்னு பேரு வேண்டாம். என்கிட்ட அரைங்க. அவ்வளவுதான்."

குருபிரசாத் பதினொன்றாவது தும்மலைப் போட்டார்.

"அரைச்சிரு" என்றார் சத்தியநேசன், கண்ணை மூடியபடி.

"இது கமிட்டி முடிவா, கண்ணு எரிச்சலா?"

"ரெண்டும்தான். தண்ணிய ஊத்து."

"அப்பம் எலை?" என்றார் சொரிமுத்து.

"அதையும் நீரே போடும்வே. என்னைய விடும்."

வரிசை கிண்ணத்தோடு கலைந்தது. வேன் காலியாகத் திரும்பியது. முந்தின நாள் பெய்த கோடை மழையில் வத்தல் கொஞ்சம் நமுத்திருந்தது. அரைக்குமுன் இரண்டு வெயில் காட்ட வேண்டும், அவ்வளவு வத்தலைப் பரப்ப மில்லில் விரிப்பு கிடையாது. ஞானசௌந்தரி அண்ணாந்து பார்த்தார். ஹெப்ரான் ஏணியைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு அடி 'நம்ம ஊரு, நம்ம கடை' மொட்டைமாடியில் விரிந்தது. சிரிக்கும் குடும்பத்தின் மேல் முதல்முறையாக உள்ளூர் வெயில் அடித்தது. பேனர் உள்ளூர் வணிகத்தை ஆதரித்தது அந்த இரண்டு நாள்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அசனம் நடந்தது. குழம்பைப் பற்றி நான் சொல்லமாட்டேன், வராதவர்கள் வயிறெரிவார்கள். ஏலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவருவதை முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். சந்தை விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு தேங்காய் ஆயிரத்துக்குப் போகும். சேவலுக்கு இரண்டு மச்சினன்மார் போட்டி போட்டு வருஷம் முழுக்கப் பேசாமல் இருப்பார்கள். பிரியமும் வீம்பும் சேர்ந்து விலை வைக்கிற இடம். இந்த வருஷம் அதில் நாற்பது கிலோ பாக்கெட் பொடியும் வந்து உட்கார்ந்தது, ஏனென்றால் ஆஃபரில் வாங்கியதைத் திருப்பி எடுக்கப் பொருநைக் கூடையின் சிஸ்டத்தில் வழியில்லையாம். ஞானசௌந்தரியிடம் ஊர் பொடியைத் திருப்பிக் கொடுத்தால் அவர் எழுந்து வாங்கிக்கொள்வார். அவரிடம் சிஸ்டம் இல்லை.

"நாப்பது கிலோ பொடி! யாரு கேக்கியோ?"

ஒரு எலுமிச்சம்பழத்துக்கு எழுநூறு கூவிய ஜனம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சும்மா கேளுங்க, கர்த்தர் காரியம்."

"எறும்புக்குப் போட ஒரு பாக்கெட் வேணா நான் எடுக்கேன்" என்றார் சொரிமுத்து.

கம்பெனி மானம் போகிறதே என்று குருபிரசாத் கையைத் தூக்கினார். பாக்கெட்டில் அச்சிட்ட விலையைச் சொன்னார். ஏலம் விடுகிறவர், "மேல?" என்றார்.

"எம்ஆர்பிக்கு மேல கேக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க."

முற்றம் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷமானது. பெட்டிகள் திரும்பி பைபாஸ் ரோட்டுக்கே போயின. இப்போது அதே பாக்கெட்டில் 'பண்டிகை ஸ்பெஷல்' என்று ஒட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் ஏலத்தில் சிரித்தவர்களும் உண்டு. நான் பெயர் சொல்லவில்லை. அவர்கள் இதைப் படிப்பார்கள்.

மில் ஓடுகிறது. அசனத்துக்கு மறுவாரம் வத்தல் மிஷின் ஆறு நாள் ஓடியது, இப்போது மூன்று. கதை இத்துடன் சுபம் என்று நினைப்பவர்கள் கமிட்டிக் கூட்டத்தின் தீர்மானத்தைப் படிக்கவேண்டும்: 'தவிர்க்க இயலாத சூழ்நிலையில் இவ்வாண்டு மட்டும் மில்லில் அரைக்க அனுமதிக்கப்பட்டது.' இவ்வாண்டு மட்டும். அனுமதிக்கப்பட்டது. கூலி வாங்காமல் அரைத்தவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

தீர்மானத்தை டார்லின் மில்லுக்கு வந்து வாசித்துக் காட்டினார். அசனம் முடிந்ததும் உள்ளே போகவேண்டிய நீல டிரம்மை ஞானசௌந்தரி உள்ளே எடுக்கவில்லை. ஜூன் முடிந்தது, ஜூலை வந்தது. பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, காலி டிரம் வாசலில் நிற்கிறது.

"அசனத்துக்கு இன்னும் பத்து மாசம் கெடக்கே ஞானம்" என்றார் அந்த வழியாக நடைப்பயிற்சி போன சத்தியநேசன்.

"வத்தலுக்கு வைக்கல அண்ணாச்சி. ஒங்க பட்டியல்ல மறந்துறக் கூடாதுல்லா, அதுக்கு வச்சிருக்கேன்."

அவர் இப்போது எதிர்ச்சாரியில் நடக்கிறார்.

போன வாரம் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். காலி என்றுதான் நினைத்தேன். அடியில் ஒரு கை குண்டு வத்தல் கிடந்தது. காம்பு கிள்ளினது.